வாங்கிய பொருளுக்கு எதற்கு எல்லைப் பூட்டு?

விலை கொடுத்து வாங்கிய பொருள் வாங்கியவருக்கே சொந்தம் என்பது வணிகத்தின் முதல் பாடம். நாச்சியார்கோவிலில் வாங்கிய குத்துவிளக்கு மும்பையில் எரியாது என்று எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் வாங்கிய பேனா சென்னையில் எழுத மறுப்பதில்லை. ஆனால், ஒரு தலைமுறைக் காலம் உலகெங்கும் வீடுகளில் புழங்கிய ஒரு பொருள் இந்தப் பாடத்துக்கு விதிவிலக்காக இருந்தது. அதுதான் டிவிடி என்று நாம் அழைக்கும் திரைப்படத் தகடு. ஒரு நாட்டில் முறையாகப் பணம் செலுத்தி வாங்கிய தகடு, இன்னொரு நாட்டில் முறையாகப் பணம் செலுத்தி வாங்கிய பிளேயரில் ஓடாது. தகட்டில் பழுது இல்லை. பிளேயரிலும் பழுது இல்லை. ஓடவிடாமல் தடுக்கவென்றே இரண்டிலும் ஒரு பூட்டு வைக்கப்பட்டிருந்தது.

'மண்டலப் பூட்டு' எனப்படும் இந்த ஏற்பாட்டைப் பலரும் தொழில்நுட்பக் கோளாறு என்றே எண்ணி நொந்துகொண்டனர். உண்மையில் அது ஒரு பொருளாதார ஏற்பாடு. பல்லாண்டுகள் வகுப்பறையில் முற்றுரிமை குறித்தும் விலைப் பாகுபாடு குறித்தும் பாடம் நடத்திய எனக்கு, பாடநூலில் உள்ள எந்த எடுத்துக்காட்டையும்விட இந்தத் தகடு மிகுந்த பயன் அளித்தது. தகட்டின் காலம் ஏறத்தாழ முடிந்துவிட்ட இன்றும் அது எழுப்பிய கேள்வி முடியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

எட்டு மண்டலங்களான உலகம்

டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானிலும், 1997 மார்ச்சில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த விடியோ நாடாவிலும், இந்தியாவில் பெரிதும் புழங்கிய விசிடி தகட்டிலும் மண்டலப் பூட்டு கிடையாது. டிவிடிக்கான தர வரையறையை வகுத்தபோதுதான், திரைப்பட நிறுவனங்களின் வற்புறுத்தலால் இந்த ஏற்பாடு உள்ளே நுழைந்தது.

அமெரிக்காவும் கனடாவும் முதல் மண்டலம். மேற்கு ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு நாடுகள், தென்னாப்பிரிக்கா ஆகியவை இரண்டாம் மண்டலம். தென்கிழக்கு ஆசியா, தென்கொரியா, தைவான், ஹாங்காங் மூன்றாவது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மெக்சிகோ, தென் அமெரிக்கா நான்காவது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், ரஷியா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஐந்தாவது. சீனா ஆறாவது. ஏழாவது பிற்காலப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது. எட்டாவது விமானம், பயணிகள் கப்பல் போன்றவற்றுக்கானது. ஹாங்காங் சீனாவின் பகுதி. ஆனாலும் மண்டலம் வேறு. தென்னாப்பிரிக்கா ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. ஆனாலும் அதன் அண்டை நாடுகளின் மண்டலம் வேறு. புவியியல் ஆசிரியர் எவரும் இப்படியொரு வரைபடம் வரையமாட்டார். இதை வரைந்தவர்கள் பார்த்தது நிலத்தை அன்று, சந்தையை.

தகட்டின் உறையில் சிறிய உலக உருண்டைச் சின்னமும் அதற்குள் ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். அதே எண் தகட்டுக்குள்ளும் பதிவாகியிருக்கும். பிளேயரும் தன் மண்டல எண்ணுடனே தொழிற்சாலையிலிருந்து வரும். இரண்டும் பொருந்தினால் படம் ஓடும். பொருந்தாவிட்டால் திரையில் ஒரு மறுப்பு வாசகம் தோன்றும். அவ்வளவுதான் இதன் இயக்கம்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். மண்டலப் பூட்டையும், 'பால்', 'என்டிஎஸ்சி' எனப்படும் தொலைக்காட்சி ஒளிபரப்பு முறைகளையும் பலர் ஒன்றாக எண்ணுகின்றனர். அவை வேறு வேறு. ஜப்பானும் பிரிட்டனும் இரண்டாம் மண்டலத்தையே சேர்ந்தவை. ஆனால் ஜப்பானில் என்டிஎஸ்சி முறை, பிரிட்டனில் பால் முறை. ஒளிபரப்பு முறை வேறுபாடு, நாடுகள் தனித்தனியே தொலைக்காட்சியை வளர்த்தெடுத்ததன் வரலாற்று விளைவு. மண்டலப் பூட்டுக்கு அப்படியான தொழில்நுட்பத் தேவை எதுவும் இல்லை.

இந்தப் பூட்டை எந்த நாடாளுமன்றமும் சட்டம் இயற்றிக் கொண்டுவரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. டிவிடியில் உள்ள திரைப்படம் மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். அதை விடுவிக்கும் மறைவுச் சாவி இல்லாமல் எந்த நிறுவனமும் முறைப்படி பிளேயர் தயாரிக்க இயலாது. அந்தச் சாவியைப் பெற ஓர் உரிம ஒப்பந்தத்தில் கையொப்பமிட வேண்டும். மண்டல எண்ணைச் சரிபார்க்கும் ஏற்பாடு பிளேயரில் இருக்க வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனை. ஆக, சில தனியார் நிறுவனங்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை, அதில் கையொப்பமிடாத கோடிக்கணக்கான நுகர்வோரைக் கட்டுப்படுத்தியது.

விலைப் பாகுபாட்டின் இலக்கணம்

திரைப்பட நிறுவனங்கள் இதற்குச் சொன்ன காரணம் புறந்தள்ளக்கூடியதன்று. 1990-களில் ஹாலிவுட் படங்கள் அமெரிக்காவில் வெளியாகிப் பல மாதங்கள் கழித்தே மற்ற நாடுகளின் திரையரங்குகளுக்கு வந்தன. படச்சுருள் பிரதி ஒன்றை எடுக்கச் செலவு மிகுதி என்பதால், ஒரு நாட்டில் ஓடி முடிந்த பிரதிகள் அடுத்த நாட்டுக்கு அனுப்பப்படுவதும் உண்டு. இந்த இடைவெளியில் அமெரிக்க டிவிடி வெளிநாடுகளுக்கு வந்துவிட்டால் அங்கே திரையரங்கு வசூல் பாதிக்கப்படும் என்றனர். மேலும், படத்தின் விநியோக உரிமை நாடு வாரியாக வெவ்வேறு நிறுவனங்களுக்கு விற்கப்படுகிறது. சிறிய தயாரிப்பாளர்கள் அந்த முன்பணத்தைக் கொண்டே படத்தை எடுத்து முடிக்கின்றனர். இவை நியாயமான கவலைகளே.

ஆனால், இவற்றுக்கு அடியில் இன்னொரு காரணமும் இருந்தது. ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் ஏ.சி. பிகு 1920-இல் வெளியிட்ட 'நலப் பொருளியல்' நூலில் விலைப் பாகுபாட்டை மூன்று படிகளாகப் பகுத்தார். வாங்குவோரைக் குழுக்களாகப் பிரித்து, ஒரே பொருளை ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு விலையில் விற்பது மூன்றாம் படி. அது நடைபெற மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன். விற்பவரிடம் முற்றுரிமை வலிமை இருக்க வேண்டும். சந்தைகளுக்கிடையே தேவை நெகிழ்ச்சி வேறுபட வேண்டும். மலிவான சந்தையில் வாங்கியவர் அதை விலையுயர்ந்த சந்தையில் மறுவிற்பனை செய்ய இயலாமல் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையைப் பதிப்புரிமைச் சட்டம் கொடுக்கிறது. இரண்டாவதை உலக நாடுகளின் வருமான ஏற்றத்தாழ்வு கொடுக்கிறது. மூன்றாவதைக் கொடுக்கக் கண்டுபிடிக்கப்பட்ட கருவியே மண்டலப் பூட்டு.

இதில் புதுமை ஏதுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பொறியாளரும் பொருளியல் சிந்தனையாளருமான ழூல் டுபுயி, கூரையில்லாத மூன்றாம் வகுப்பு ரயில் பெட்டிகளைப் பார்த்து ஓர் உண்மையைக் கண்டறிந்தார். கூரை போட ஆகும் செலவை மிச்சப்படுத்த ரயில் நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. இரண்டாம் வகுப்புக் கட்டணம் கொடுக்கக்கூடியவர் மூன்றாம் வகுப்புக்கு இறங்கிவிடக் கூடாது என்பதற்காகவே ஏழைப் பயணியை வெயிலிலும் மழையிலும் உட்கார வைத்தது. 1990-இல் ஐபிஎம் நிறுவனம் நிமிடத்துக்குப் பத்துப் பக்கம் அச்சிடும் லேசர் அச்சு இயந்திரத்தின் மலிவு வடிவத்தை வெளியிட்டபோது, அதன் வேகத்தை ஐந்து பக்கமாகக் குறைப்பதற்காகவே கூடுதலாக ஒரு பாகத்தைச் சேர்த்தது. பொருளைச் செம்மைப்படுத்தச் செலவிடுவது இயல்பு. பொருளின் பயனைக் குறைக்கச் செலவிடுவது முற்றுரிமைச் சந்தையின் விந்தை. மண்டலப் பூட்டும் அந்த வகையைச் சேர்ந்ததே.

விலைப் பாகுபாடு எப்போதும் தீது என்று நான் கூறமாட்டேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பெரும் விலைக்கு விற்கப்படும் பாடநூல்களின் இந்தியப் பதிப்பு நம் மாணவர்களுக்கு மலிவாகக் கிடைப்பது விலைப் பாகுபாட்டினால்தான். உயிர்காக்கும் மருந்துகள் ஏழை நாடுகளில் குறைந்த விலைக்குக் கிடைப்பதும் அப்படியே. ஆகவே, மண்டலப் பூட்டினால் ஐந்தாம் மண்டலத்தில் உள்ள நமக்கு நன்மை விளைந்ததா என்று கேட்பதே நேர்மையான சோதனை.

அமெரிக்க விலையை ரூபாயாக மாற்றிப் பார்த்தால் ஹாலிவுட் டிவிடியின் இந்திய விலை குறைவுதான். சராசரி இந்தியரின் வருமானத்தோடு ஒப்பிட்டால் அது எட்டாத விலை. இந்தியச் சந்தையில் விலையை உண்மையில் உடைத்தது வேறொன்று. 2007-இல் மோசர் பேயர் என்ற இந்திய நிறுவனம் திரைப்பட விசிடியை 28 ரூபாய்க்கும், டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அதற்கு முன் அசல் தகடுகளின் விலை பல மடங்கு. தெருவோரத் திருட்டுத் தகட்டின் விலைக்கு அருகில் அசல் தகடு வந்து நின்றது. அந்த விலைக்குறைப்பைக் கொண்டுவந்தது உள்நாட்டுப் போட்டி. மண்டலப் பூட்டுக்கு அதில் பங்கில்லை.

நேர்மையானவருக்குத் தண்டனை

பூட்டின் சுமை யார் தலையில் விழுந்தது? திருட்டுத் தகடு தயாரிப்பவர் மறைகுறியாக்கத்தை உடைத்துவிட்டு, பூட்டையும் நீக்கிவிட்டே படியெடுத்தார். அவர் விற்ற தகடு எந்தப் பிளேயரிலும் ஓடியது. காசு கொடுத்து அசலை வாங்கியவரிடம்தான் பிளேயர், 'இது உன் மண்டலத்துக்கு உரியதன்று' என்றது. அசலைவிடப் போலி கூடுதல் பயன் தருமாறு செய்துவிட்ட பிறகு, போலியை வாங்காதீர்கள் என்று அறநெறி போதிப்பது வீண். கள்ளச்சந்தையை வளர்க்க இதைவிடச் சிறந்த வழியைக் கள்ளச்சந்தைக்காரரே வகுத்திருக்க முடியாது.

நான் பணியாற்றிய கல்லூரிக்கு, அமெரிக்காவில் குடியேறிய முன்னாள் மாணவர் ஒருவர் பொருளாதார வரலாறு குறித்த ஆவணப்படத் தகடுகளை அன்பளிப்பாக அனுப்பினார். உரிய விலை கொடுத்து வாங்கி, அஞ்சல் செலவும் செய்து அனுப்பியவை அவை. நூலகத்தில் இருந்த பிளேயர் அவற்றை ஏற்கவில்லை. கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றார் ஆய்வக உதவியாளர். 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு தயாரான கணினி டிவிடி இயக்கிகளில் மண்டல எண்ணை ஐந்து முறை மட்டுமே மாற்ற முடியும். ஐந்தாவது மாற்றத்துடன் அது நிலைத்துவிடும். ஒரே கணினியில் இந்தியத் தகட்டையும் அமெரிக்கத் தகட்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு வாரத்திலேயே அந்த ஒதுக்கீடு தீர்ந்துவிடும். ஒரு கணினியை முதல் மண்டலத்துக்கு என்றே ஒதுக்கிவைத்தோம். கல்லூரி நூலகம் அந்தத் தகடுகளைப் பயன்படுத்தக் கொடுத்த கூடுதல் விலை அது.

புலம்பெயர்ந்தோர் நிலை இன்னும் சிக்கலானது. தமிழர்களையே எடுத்துக்கொள்வோம். டொரன்டோவில் இருப்பவர் முதல் மண்டலம்; லண்டனிலும் பாரிஸிலும் இருப்பவர் இரண்டாவது; சிங்கப்பூர், மலேசியத் தமிழர் மூன்றாவது; சிட்னியில் இருப்பவர் நான்காவது; சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருப்பவர் ஐந்தாவது. ஒரே குடும்பத்தின் அண்ணன் தம்பிகள் மூன்று மண்டலங்களில் வாழ்வது இன்று அரிதன்று. ஆயினும் இந்தியத் திரைப்படத் தகடுகள் பெரும்பாலும் பூட்டு இன்றியே, எல்லா மண்டலங்களுக்கும் பொதுவாக வெளியாயின. அதனால்தான் தமிழ்ப்படத் தகடு இந்த ஐந்து மண்டலங்களிலும் தடையின்றி ஓடியது. பூட்டு இல்லாமலும் உலகச் சந்தையில் விற்க முடியும் என்பதற்கு நம் படங்களே சான்று.

பூட்டு வந்ததும் கள்ளச்சாவியும் வந்தது. தொலையியக்கியில் சில எண்களை அழுத்தினால் பிளேயரின் மண்டலக் கட்டுப்பாடு நீங்கிவிடும் என்பது பல கடைக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அனைத்து மண்டலப் பிளேயர்களும் வெளிப்படையாகவே விற்கப்பட்டன. அவற்றை முறியடிக்க 2000-இல் கூடுதல் சோதனையுடன் கூடிய தகடுகள் வெளியாயின. பிறகு அதற்கும் மாற்று வந்தது. உற்பத்திக்கு ஒரு பயனும் தராத இந்தப் போட்டியில் இருபுறமும் செலவழிந்த உழைப்பைச் சமூக இழப்பு என்றே கணக்கில் எழுத வேண்டும்.

2009 மார்ச்சில் அன்றைய பிரிட்டன் பிரதமர் கார்டன் பிரவுனுக்கு அமெரிக்க அதிபர் ஒபாமா 25 அமெரிக்கத் திரைப்படங்களின் டிவிடி தொகுப்பைப் பரிசளித்தார். அவை முதல் மண்டலத்துக்கு உரியவை என்பதால் பிரதமர் இல்லத்துப் பிளேயரில் ஓடவில்லை என்று பிரிட்டிஷ் நாளிதழ்கள் எழுதின. அரசுத் தலைவர்களின் அன்பளிப்பே இந்தப் பாடு பட்டது என்றால், சாமானியரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

நீதிமன்றங்களும் சட்டங்களும்

விற்ற பொருளின் மீது விற்றவருக்கு எந்த அளவுக்கு அதிகாரம் நீடிக்கும் என்பது பழைய கேள்வி. அமெரிக்கப் பதிப்பகம் ஒன்று தன் நாவலில், இதை ஒரு டாலருக்குக் குறைவாக விற்பது பதிப்புரிமை மீறல் என்று அச்சிட்டது. மேசிஸ் என்ற பேரங்காடி அதை 89 சென்ட்டுக்கு விற்றது. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்றது. முதல் விற்பனையோடு அந்தப் பிரதியின் மீதான கட்டுப்பாடு முடிந்துவிடுகிறது என்று 1908-இல் தீர்ப்பானது. தாய்லாந்தில் மலிவாக விற்ற பாடநூல்களை வாங்கி அமெரிக்காவில் மறுவிற்பனை செய்த மாணவர் மீது ஜான் வைலி பதிப்பகம் தொடுத்த வழக்கில், வெளிநாட்டில் முறைப்படி அச்சான பிரதிக்கும் அதே கோட்பாடு பொருந்தும் என்று 2013-இல் அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் கூறியது.

அச்சிட்ட நூலுக்கு இவ்வளவு தெளிவு காட்டிய அமெரிக்கா, தகட்டுக்குக் காட்டவில்லை. 1998-ஆம் ஆண்டின் எண்மப் பதிப்புரிமைச் சட்டம் மறைகுறிப் பூட்டை உடைப்பதைத் தடை செய்தது. மண்டலப் பூட்டுக்கு விலக்கு வேண்டும் என்ற கோரிக்கைகள் 2003-இலும் 2006-இலும் நிராகரிக்கப்பட்டன. மாற்று வழி இருக்கிறது, அனைத்து மண்டலப் பிளேயரையோ இன்னொரு பிளேயரையோ வாங்கிக்கொள்ளலாம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. வாங்கிய பொருளைப் பயன்படுத்த இன்னொரு பொருளை வாங்கு என்பதே நுகர்வோருக்குக் கிடைத்த நீதி.

ஆஸ்திரேலியா வேறு பாதையில் சென்றது. சோனி நிறுவனத்தின் விளையாட்டுக் கருவியில் இருந்த பூட்டை நீக்கும் சில்லுகளை விற்றவர் மீது அந்நிறுவனம் வழக்குத் தொடுத்தது. வெளிநாட்டில் முறையாக வாங்கிய விளையாட்டுகளையும் அந்தப் பூட்டு தடுக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி, அந்நாட்டின் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையமே நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. 2005 அக்டோபரில் ஆஸ்திரேலிய உயர்நிலை நீதிமன்றம் சோனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2006-இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, திரைப்படங்களிலும் கணினி விளையாட்டுகளிலும் சந்தையைப் புவியியல்ரீதியில் பிரிக்கும் ஏற்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று சேர்க்கப்பட்டது. 2008-இல் நியூசிலாந்தும் அதைப் போலவே சட்டம் செய்தது. படியெடுப்பதைத் தடுக்கும் பூட்டு வேறு, எல்லை தாண்டுவதைத் தடுக்கும் பூட்டு வேறு என்று அந்நாடுகள் பிரித்துப் பார்த்தன. இந்தப் பிரிவினையே இப்பிரச்னையின் திறவுகோல்.

இந்தியாவின் நிலை என்ன? நமது பதிப்புரிமைச் சட்டத்தின் 51-ஆவது பிரிவு, சொந்த, வீட்டுப் பயன்பாட்டுக்காக ஒரு படைப்பின் ஒரு பிரதியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது மீறல் ஆகாது என்று கூறுகிறது. சட்டம் அனுமதித்ததைத்தான் பிளேயர் மறுத்தது. நாடாளுமன்றம் வழங்கிய உரிமையைத் தனியார் ஒப்பந்தம் ஒன்று பறித்துக்கொண்டது.

வணிக நோக்கில் கொண்டுவருவது வேறு. அமெரிக்காவில் முறையாக வாங்கிய தகடுகளைக் கொண்டுவந்து தில்லியில் வாடகைக்கு விட்ட நிலையத்துக்கு எதிராக வார்னர் பிரதர்ஸ் தொடுத்த வழக்கில், அது மீறலே என்று 2009-இல் தில்லி உயர்நீதிமன்றம் கூறியது. வெளிநாட்டில் உரிமையாளர் அனுமதியுடன் வெளியான பிரதியை இறக்குமதி செய்வது மீறல் ஆகாது என்ற விதி 2010-ஆம் ஆண்டின் திருத்த மசோதாவில் இருந்தது. 2012-இல் சட்டம் நிறைவேறியபோது அந்த விதி காணாமல் போயிருந்தது.

அதே 2012 திருத்தம் 65ஏ என்ற புதிய பிரிவைச் சேர்த்தது. தொழில்நுட்பப் பாதுகாப்பை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் அதில் உண்டு. பதிப்புரிமையை மீறும் நோக்கத்துடன் உடைத்தால் மட்டுமே அது குற்றம் என்று நம் சட்டம் கூறுவது ஆறுதல். எனினும், மண்டலப் பூட்டு அந்தப் பாதுகாப்புக்குள் வருமா, வராதா என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை.

இதில் ஒரு முரண் உண்டு. வெளிநாட்டில் உரிமையுடன் விற்கப்படும் மருந்தை இறக்குமதி செய்யக் காப்புரிமைச் சட்டத்தின் 107ஏ பிரிவு இடமளிக்கிறது. சாம்சங் நிறுவனம் தொடர்பான வழக்கில், வணிகச் சின்னம் பெற்ற அசல் பொருளை வெளிநாட்டில் வாங்கி இங்கே விற்கலாம் என்று 2012-இல் தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு கூறியது. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கையும் இந்த முடிவை அந்தந்த நாட்டிடமே விட்டுவிட்டது. மருந்துக்கும் அச்சு இயந்திரத்துக்கும் திறந்த கதவு, படைப்புக்கு மட்டும் ஏன் அடைத்திருக்க வேண்டும்?

காலாவதி இல்லாத பூட்டு

என் பார்வையில் மண்டலப் பூட்டின் மிகப் பெரிய குறை, அதற்குக் காலவரம்பு இல்லை என்பதே. திரையரங்கு வெளியீட்டுக்கும் வெளிநாட்டு வெளியீட்டுக்கும் இடையிலான சில மாதங்களைக் காக்க அந்தப் பூட்டு தேவை என்றனர். அந்தச் சில மாதங்கள் கடந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. 1998-இல் வெளியான தகட்டில் பூட்டு இன்னும் இருக்கிறது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை 60 ஆண்டுகளில் முடிந்துவிடும். பிறகு அது பொதுச்சொத்து. ஆனால், தகட்டில் உள்ள பூட்டு அப்போதும் திறக்காது. சட்டம் எல்லை வகுத்த உரிமைக்கு எல்லையற்ற காவல் போடுவது நியாயமன்று.

இதன் பாதிப்பு இனிமேல்தான் கூடும். பிளேயர் தயாரிப்பு சுருங்கிவிட்டது. புதிய மடிக்கணினிகளில் தகடு இயக்கியே இல்லை. நூலகங்களிலும் தனியார் சேகரிப்புகளிலும் உள்ள தகடுகளில், இணையத்தில் எங்கும் கிடைக்காத படங்களும் ஆவணப்படங்களும் இருக்கின்றன. பொருத்தமான மண்டலப் பிளேயர் பழுதானால் அவை வெறும் வட்டத் தகடுகளாகிவிடும்.

பூட்டு தேவையில்லை என்பதைத் தொழில்துறையே பின்னர் ஒப்புக்கொண்டது. 2006-இல் வந்த ப்ளூ-ரே தகட்டில் மண்டலங்கள் மூன்றாகக் குறைந்தன. இந்தியாவும் சீனாவும் ரஷியாவும் அதில் ஒரே மண்டலம். 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரே தகட்டில் மண்டலமே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2013-இல் தன் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவிக்கு அறிவித்த மண்டலக் கட்டுப்பாட்டை நுகர்வோர் எதிர்ப்பால் சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. 2017-இல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவி பூட்டு இல்லாமல் வந்தது. இவற்றால் திரைத்துறையோ விளையாட்டுத் துறையோ வீழ்ந்துவிடவில்லை.

ஆனால், பூட்டு தகட்டிலிருந்து இணையத்துக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. ஒரு நாட்டில் சந்தா செலுத்திப் பார்த்த படம் எல்லை தாண்டினால் பட்டியலிலிருந்து மறைகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2018 ஏப்ரலில், தற்காலிகமாக வேறு உறுப்பு நாட்டுக்குச் செல்பவர் தன் சந்தாவை அங்கும் பயன்படுத்த வழிசெய்தது. அதே ஆண்டு டிசம்பரில் நடைமுறைக்கு வந்த புவியியல் தடைக்கு எதிரான விதியிலிருந்தோ திரைப்படச் சேவைகளுக்கு விலக்கு அளித்தது. பாதிக் கதவே திறந்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. முதலாவதாக, 65ஏ பிரிவுக்கு ஒரு விளக்கம் சேர்த்து, சந்தையைப் புவியியல்ரீதியில் பிரிக்கும் பூட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை என்று ஆஸ்திரேலியாவைப் போல வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். இரண்டாவதாக, 2012-இல் கைவிடப்பட்ட இணை இறக்குமதி விதியை மீண்டும் கொண்டுவர வேண்டும். இந்தியாவில் விற்கும் மலிவுப் பதிப்புகள் வெளியே போய்விடும் என்ற பதிப்பாளர்களின் அச்சத்துக்கு இதில் இடமில்லை. அது அவற்றை இறக்குமதி செய்யும் நாட்டின் சட்டத்தைப் பொறுத்தது. மூன்றாவதாக, நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் தம்மிடம் உள்ள தகடுகளைப் பாதுகாக்கும் பொருட்டுப் பூட்டை நீக்கிக்கொள்ளத் தெளிவான அனுமதி வேண்டும். நான்காவதாக, 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வழங்கும் தகவல் பெறும் உரிமையை எண்மப் பொருள்களுக்கும் சேவைகளுக்கும் முழுமையாகச் செயல்படுத்த வேண்டும். உறையின் மூலையில் ஓர் உலக உருண்டையும் எண்ணும் அச்சிடுவது தகவல் ஆகாது. இந்தப் பொருள் எங்கே பயன்படும், எங்கே பயன்படாது, எவ்வளவு காலம் பயன்படும் என்பதை வாங்கும் முன்பே வாங்குபவரின் மொழியில் சொல்ல வேண்டும்.

படைப்பாளிக்கு உரிய ஊதியம் கிடைக்க வேண்டும் என்பதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. அந்த ஊதியம், பொருள் முதன்முறை விற்கப்படும்போதே செலுத்தப்பட்டுவிடுகிறது. அதன் பிறகும் அந்தப் பொருள் எந்த நாட்டில், எந்த வீட்டில் இயங்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் விற்றவரிடம் தொடர்வதை நமது சட்டம் அனுமதிக்கக் கூடாது.

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)